விழும் நேரம்

அரிசி வண்டு விழும்போது
சத்தம் எதுவும் வராது.
ஆறு கால்களும் ஒன்றாக மடங்கும்.
பொத்தானை அமுக்குவேன்.

குளுகோரில் மூன்றாம் மாடி.
வெந்நீர்த் தொட்டி நாற்பத்தைந்து டிகிரியில் நிற்கிறது.
அறுபது கண்ணாடிக் குழாய்கள், குழாய்க்கு ஒரு வண்டு.
நீல மையில் ‘கொ’ என்றால் கொடிமலை,
மேகம் சமையற்கட்டு வரை வந்து பாத்திரம் நனைத்துப் போகும்
ஒரு விடுதியின் அரிசி டின்.
சிவப்பில் ‘பி’ என்றால் பிறை,
தகரக் கூரைக் குடோன்.
நண்பகலில் அங்கே
மேலடுக்கு மூட்டையில் கை வைக்க முடியாது.

லென்சுக்கடியில் எல்லாம் ஒன்றுதான்.
முதுகில் அதே நான்கு செம்புள்ளி,
அதே நீண்ட மூக்கு,
அதே அவசரம்.
நடுவில் ஒரு ஃபெரி தூரக் கடல்.

பதினோராம் நிமிடம் கொடிமலை சாயத் தொடங்கியது.
இருபதுக்குள்
ஏறக்குறைய முழு மலையும் படுத்துவிட்டது.
பிறை நடந்துகொண்டிருந்தது.

போன மாதம் குளிரில் வைத்தபோது
கதை தலைகீழ்.
பிறை முதலில் சுருண்டது.
கொடிமலை உலாவியது,
வார இறுதிச் சுற்றுலாக்காரர் மாதிரி
சாவகாசமாய்.

வீட்டில் ஏர்கோன் கெட்டு ஒன்பது நாள்.
பிறையில் வெல்டிங் பார்க்கும் சந்திரகாசன்
கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறார்.
நான் குளியலறைத் தரையில்
முதுகைப் போட்டுக் கிடக்கிறேன்.
ஒரே கட்டில், இரண்டு தொகை.

குடோனில் மாதிரி எடுக்கப் போன அன்று
மூட்டை தூக்கும் இளங்கீரன் கேட்டார்:
“இந்தச் சனியன் எவ்வளவு சூடு தாங்கும்னா பார்க்குறீங்க?
ரெண்டு வருசத்துக்கு முன்னாடி
கோலாலம்பூர்ல இருந்து மெஷின் வந்துச்சு.
கதவடைச்சு ராத்திரி பூரா அனல் அடிச்சாங்க.
காலையில கூட்டி அள்ளினா ஒரு வாளி செத்தது.
அடிமூட்டை இடுக்குல இருந்தது சாகலை.
அதுங்க பெத்ததும்மா இதெல்லாம்.”
பனியனில் உப்பு வரிவரியாய்ப் பூத்திருந்தது.
குறிப்பேட்டில் அவர் சொன்னதை எழுத
கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

நாற்பத்தெட்டாம் நிமிடம்
கடைசிச் சிவப்பும் விழுந்தது.
தொட்டியை அணைக்க எழுந்தவள்
அப்படியே நின்றேன்.
ஒரு குழாயில் இன்னும் ஏறுகிறது,
சறுக்குகிறது, ஏறுகிறது.
துடைத்துப் பார்த்தேன்.
நீல மை.
கொ இருபத்தேழு.

அறுபதாம் நிமிடத்தோடு சோதனை முடிய வேண்டும்.
முடித்தேன்.
அது முடிக்கவில்லை.

விடுதிக்கு அரிசி எங்கிருந்து வருகிறதென்று
அன்றுதான் ஃபோன் போட்டுக் கேட்டேன்.
சமையல்காரர் சாதாரணமாகச் சொன்னார்:
பிறையிலிருந்து, மாதம் நான்கு மூட்டை,
மலை ரயிலில் ஏறி வரும்.

அப்படியானால் இருபத்தேழு
மூட்டையோடு மலையேறிய பிறைக்காரனா?
இல்லை, மலையிலேயே பிறந்து
யாரும் கேட்காததால்
இவ்வளவு நாள் காட்டாமல் இருந்ததா?
கேட்டால் சொல்லாது.

டாக்டர் சியூ லிங் திரையைப் பார்த்தபடி,
“விதிவிலக்கு. சராசரியிலிருந்து எடுத்துவிடு” என்றார்.
எடுத்தேன்.
கொடிமலை பதினாறு நிமிடம் என்று
அழகாக வந்து உட்கார்ந்தது.
ஆனால் அது தின்னும் அரிசி
சராசரிக்குப் பயந்து
குறையப்போவதில்லை.

இரவு அரிசி களைகிறேன்.
ஒன்று மிதக்கிறது,
நான்கு செம்புள்ளி,
நீந்தத் தெரியாத நீச்சல்.
விரல்நுனியில் ஏற்றிக்கொண்டேன்.
இதற்கு என்ன மை என்று தெரியவில்லை.
உலை கொதிக்கிறது.
கூடத்தில் சந்திரகாசன்
காற்றாடியைக் குறைக்கச் சொல்கிறார்.
என் கட்டைவிரல்
கையில் இல்லாத பொத்தானின் மேல்
காத்திருக்கிறது.